தேர் போன பிறகு கையெழுத்து

எனக்குப் பொறுமை கிடையாது. பஸ்ஸுக்காக ஒரு இடத்தில் நிற்க மாட்டேன். பஸ் போகும் திசையில் நடக்க ஆரம்பித்துவிடுவேன். பாதி வழியில் பஸ் என்னைத் தாண்டிப் போனதும் உண்டு, நான் கை காட்டக் காட்ட டிரைவர் சிரித்துக்கொண்டே போனதும் உண்டு. இந்தக் குணத்தை வைத்துக்கொண்டு ஒருவன் கான்ட்ராக்டராக ஆசைப்படக் கூடாது. அந்தத் தொழிலில் பாதி நேரம் செங்கல்லோடு போகும், மீதி நேரம் யாராவது ஒருவருடைய மேஜைக்கு முன்னால் நிற்பதில் போகும்.

கடலூர் முதுநகரில் என் மாமாவிடம் ஆறு வருஷம் வேலை பார்த்தேன். தாய்மாமன், பிறகு பெண்ணைக் கொடுத்து மாமனாரும் ஆனவர். பள்ளிக்கூடத்துக்குச் சுற்றுச்சுவர், வாய்க்காலுக்கு மதகு, சர்க்கார் கட்டடங்களுக்கு ஓடு மாற்றுவது என்று வேலைகள் வரும். மணலை அளந்து வாங்குவது, கொத்தனாரை வீட்டுக்குப் போய் எழுப்பிக் கூட்டி வருவது, கலவையில் கை வைத்துப் பார்ப்பது எல்லாம் நான். லைசென்ஸ் மாமா பெயரில். வேலையைப் பார்க்க வரும் அதிகாரி நான் சொல்வதையெல்லாம் கேட்டுவிட்டு, கடைசியில், "சரி, கான்ட்ராக்டர் எங்க?" என்பார். மாமாவைக் கூப்பிட சைக்கிளில் ஓட வேண்டியதும் நான்தான். ஆறு வருஷம் அந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டு எனக்கு வயிறு எரிந்தது. அதை மறைத்து இப்போது என்ன ஆகப் போகிறது?

என் பெயரில் லைசென்ஸ் வாங்குவது என்று முடிவு செய்தேன். மூன்றாம் வகுப்புக் கான்ட்ராக்டராகப் பதிய மூன்று சங்கதிகள் வேண்டும். டெபாசிட் கட்ட வேண்டும். அதற்கு என் மனைவியின் நாலு வளையல்கள் அடகுக்குப் போயின. சொத்து இருக்கிறது என்று தாசில்தார் சான்று தர வேண்டும். கர்ணம் எழுதி, ரெவின்யூ இன்ஸ்பெக்டர் வந்து வீட்டைச் சுற்றிப் பார்த்து, தாசில்தாரின் கையெழுத்து விழ மூன்று மாதம் ஆனது. மூன்றாவது, பத்தாயிரம் ரூபாய்க்குக் குறையாத ஒரே வேலையை நானே எடுத்து முடித்ததாகச் சர்டிபிகேட் வேண்டும். அதில் கட்டடத்தின் சொந்தக்காரரும் நகராட்சி ஓவர்சியரும் கையெழுத்துப் போட வேண்டும். மாமாவின் லைசென்ஸில் நான் செய்த எந்த வேலையும் அந்தக் கணக்கில் சேராது.

மனு கொடுக்கக் கடைசி நாள் ஜனவரியில். அதைத் தவறவிட்டால் இன்னும் ஒரு வருஷம்.

வேலை சிதம்பரத்தில் கிடைத்தது. குறிஞ்சிப்பாடிப் பக்கத்துக் கிராமத்து விவசாயி ஒருவர், வேர்க்கடலையில், எங்கள் பக்கத்து வழக்கில் மல்லாட்டையில், நல்ல காசு பார்த்தவர், தெற்கு வீதியும் மேல வீதியும் சேரும் முக்கில் ஒரு மனை வாங்கிப் போட்டிருந்தார். கீழே கடை, மேலே வீடு. பேரம் பத்தாயிரத்து இருநூறில் முடிந்தது. வெளியாள் பார்த்தால் சாதாரணத் தொகை. எனக்கு அது பத்தாயிரத்துக்கு மேலே இருநூறு. அந்த இருநூறை நினைத்து நினைத்துச் சந்தோஷப்பட்டேன்.

கட்டடத்துக்காரருக்குக் கடை முகப்பின் மேல், மாடித் தரை மட்டத்தில், மூன்றடி நீட்டி ஒரு சன்ஷேடு வேண்டும். அதற்கு நேர் மேலே மாடியின் நடு ஜன்னலை மட்டும் ஆள் நுழையும் உயரத்துக்கு வைக்கச் சொன்னார். "அந்த ஜன்னலுக்குக் கம்பி வேணாம் பாய்" என்றார். இரும்பு கிடைக்காத காலம். மனுஷன் சிக்கனம் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நகராட்சி பிளானுக்கு அனுமதி தந்தபோது கீழே ஒரு வரி எழுதியிருந்தது: "தேர் செல்ல இடையூறின்றிக் கட்ட வேண்டும்." எத்தனை அடி விட வேண்டும் என்று இல்லை. அந்த ஊரில் அதை யாரும் எழுதுவதில்லை போலிருக்கிறது. எனக்கு அடிக்கணக்கு இல்லாமல் தூக்கம் வராது. டேப்பை எடுத்துக்கொண்டு கீழ வீதிக்குப் போனேன். தேர்கள் நிலையில் நின்றுகொண்டிருந்தன, வெறும் மரமாக. பெரிய தேரை அளந்து எழுதிக்கொண்டேன். முக்கு டீக்கடையில் விசாரித்தேன். தேர் திரும்பும்போது நம் கட்டடத்து ஓரமாகத்தான் ஒதுங்கி வருமாம். சக்கரம் எதுவரை வரும் என்று தரையில் ஒரு கல்லையும் காட்டினார்கள். கணக்குப் போட்டேன். சன்ஷேடு நுனிக்கும் தேருக்கும் நடுவில் இரண்டடி மிச்சம். நோட்டில் அதன் கீழே இரட்டைக் கோடு போட்டேன்.

சிமெண்டுக்கு அப்போது பர்மிட். கட்டடத்துக்கு இத்தனை மூட்டை என்று எழுதித் தருவார்கள். அதற்கு மேல் வேண்டுமென்றால் மறுபடியும் மனு, மறுபடியும் நிற்பது. ஐப்பசி மழையில் மூட்டைகள் இறுகிவிடாமல் இருக்கக் கடைக்குள்ளேயே பலகை போட்டு அடுக்கி, மேலே தார்ப்பாய் மூடி, ராத்திரிக்கு ராத்திரி நானே படுத்துக் காவல் காத்தேன். மார்கழி பிறக்கும்போது கட்டடம் முடிந்தது. பர்மிட்டில் வந்ததில் அரை மூட்டை மிச்சம். சன்ஷேடுக்கு முட்டுக் கொடுத்திருந்த பலகைகளைப் பிரித்தபோது அடியில் ஒரு பொத்தல் இல்லை. தெருவில் நின்று அதை அண்ணாந்து பார்த்தபடி இரண்டு டீ குடித்தேன்.

அன்றைக்கே ஓவர்சியரிடம் சர்டிபிகேட்டை நீட்டினேன். அவர் கட்டடத்தைச் சுற்றி வந்தார், மாடிக்குப் போனார், எல்லாம் சரி என்றார். பேனாவை மட்டும் எடுக்கவில்லை.

"தேர் ஒரு தடவை போயி வரட்டும் பாய். தேர் வீதியில வேலைன்னா அதுக்கப்புறந்தான் கையெழுத்து. எனக்கு முன்னாடி இருந்தவரும் அப்படித்தான்."

"ரூல்ல அப்படி இருக்கா சார்?"

"ரூல்ல இல்ல. தேர் இருக்குதே" என்றார்.

மார்கழித் தேருக்கு மறுநாள் திருவாதிரைத் தரிசனம். தரிசனத்துக்கு மறுநாள்தான் மனுவுக்குக் கடைசி நாள். நடுவில் இருபது நாளைத் தள்ள வேண்டும். அந்த வருஷம் ரமலானும் மார்கழியோடு சேர்ந்து வந்தது. நோன்பு பிடித்துக்கொண்டு, செய்ய வேலையும் இல்லாமல், முதுநகரிலிருந்து தினமும் பாசஞ்சர் ரயிலேறிச் சிதம்பரம் போனேன். கட்டடத்தைப் பார்ப்பேன், நாலு வீதியையும் சுற்றுவேன், திரும்பி வருவேன். "கட்டடம் எங்கயும் ஓடிப் போயிடாது மச்சான்" என்று என் மனைவி சொன்னாள். ஓடாதுதான். நான்தான் ஓடிக்கொண்டிருந்தேன்.

தேருக்கு ஆறு நாள் இருக்கும்போது கீழ வீதியில் தேர் கட்டும் வேலை நடந்துகொண்டிருந்தது. மரத்தேரின் மேல்தட்டில் ஆட்கள் ஏறி நின்று நாலு பக்கமும் மூங்கிலை நீட்டிக் கட்டினார்கள். மூங்கில் நுனிகள் மரத்தைத் தாண்டி வெளியே வந்தன. அதன் மேல் இன்னொரு சுற்று. கீழே கயிறு திரித்துக்கொண்டிருந்தவரிடம் போனேன். தேர் ஓடும்போது சக்கரத்துக்குக் கட்டை போடுபவர் அவர்.

"இது எவ்ளோ தூரம் வெளிய வரும்ணே?"

"ரெண்டடி வரும், ரெண்டரை வரும். சீலையெல்லாம் தொங்குமே, ஆடும்போது இன்னும் கொஞ்சம் ஜாஸ்தி."

"முக்குல திரும்புறப்போ?"

"அத இப்ப எப்படிச் சொல்றது? திரும்புறப்பதான் தெரியும்."

அவரிடம் கேட்காமலேயே டேப்பை எடுத்து மூங்கிலின் கீழே நின்று அளந்தேன். இரண்டடி நாலு அங்குலம். என்னுடைய மிச்சம் இரண்டடி. எங்கள் ஊர் தர்காவில் சந்தனக்கூடு கட்டுவதை வருஷா வருஷம் பக்கத்தில் நின்று பார்க்கிறவன் நான். நாலு முளையாக இருப்பது ஜிகினாத் தாளும் மூங்கிலும் ஏறிச் சந்து முழுவதையும் அடைக்கிற அளவுக்கு வளரும் என்று எனக்குத் தெரியும். கோயில் தேரை மட்டும் வெறும் மரத்தில் அளந்து இரட்டைக் கோடு போட்டிருந்தேன். நடு வீதியில் என் தலையில் நானே அடித்துக்கொண்டேன்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் கட்டடத்துக்காரரின் கிராமத்துக்குப் போனேன். களத்தில் மல்லாட்டை காயப் போட்டுக்கொண்டிருந்தார். சன்ஷேடைத் தேர் இடிக்கும் போலிருக்கிறது, ஒன்றரை அடியாவது குறைக்க வேண்டும் என்றேன். அவர் முகம் மாறியதைப் பார்த்ததும் மீதியைச் சொல்லத் தயங்கினேன்.

"அத எதுக்கு மூணடி வெக்கச் சொன்னேன்னு தெரியுமா பாய் உனக்கு?"

"வெயிலுக்குன்னு நெனச்சேன்."

"வெயிலுக்கா? எங்க வூட்டு அம்மாவுக்கு சின்ன வயசுலேர்ந்து ஒரு காலு சரியில்ல. கட்டிக்கினு வந்து இருவது வருசமா தேருக்குக் கூட்டிக்கினு போறேன். கூட்டத்துக்குப் பின்னாடி நின்னு கலசத்தப் பாத்துட்டு வருது. இந்த வருசம் ஜன்னல் வழியா அதும்மேல எறங்கி, நாற்காலி போட்டு உக்காந்து பாக்கணும். மனை வாங்குனதே அதுக்குத்தான்."

கம்பி இல்லாத ஜன்னல் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. சன்ஷேடில் தேர் உரசினால் கொஞ்சம் காரை பெயரும் என்று மட்டும்தான் அதுவரை பயந்திருந்தேன். அந்த இடத்தில் ஒரு பெண் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார், சட்டென்று எழுந்து ஓடவும் முடியாதவர் என்று நினைத்ததும் களத்துக்குள்ளேயே இறங்கி அவர் கிட்டே போனேன்.

"அங்க உக்கார வெக்காதீங்க. மூங்கில் வந்து அடிக்கும்."

"உன் கணக்குல ரெண்டடி மிச்சம்னு நீதான் சொன்ன. இப்ப இல்லைங்கற. நாளைக்கு இன்னா சொல்லுவியோ." எழுந்து நின்றுகொண்டார். "இடிச்சியானா கையெழுத்துக் கேட்டுக்கினு இந்தப் பக்கம் வராத."

நோன்பு திறந்துவிட்டு மாமாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கஞ்சிக் கோப்பையைக் கீழே வைக்காமலே பேசினார். "கையெழுத்து வாங்குற வரைக்கும் ஒரு செங்கல்லக்கூடத் தொடாத. அவுங்க கட்டடம், அவுங்க சன்ஷேடு. எழுத்துல எழுதிக் குடுத்துட்டு ஒதுங்கிக்க." கான்ட்ராக்டராக யோசித்தால் அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. ஓவர்சியரிடம் போய்ச் சொல்லலாமா என்று பார்த்தேன். அவர் தேர் வேலையாக யார் கண்ணிலும் படவில்லை. மூன்று நாள் முக்குக்கும் நிலைக்கும் நடந்தேன். மூங்கிலின் மேல் சீலை ஏறியது, பூ ஏறியது. ஒவ்வொரு தரமும் போய் அளந்தேன். ஒரு அங்குலமும் குறையவில்லை. ஒரு நாள் தொழுகையில் எத்தனையாவது ரக்அத் என்பதையே மறந்துபோனேன்.

தேருக்கு முதல் நாள் காலையில் இரண்டு ஆட்களை வைத்துக்கொண்டு இடிக்க ஆரம்பித்தேன்.

நன்றாகக் கட்டிவிட்டேன். அதுதான் கஷ்டம். சம்மட்டி அடித்தால் தீப்பொறி வந்தது, சன்ஷேடு அசையவில்லை. நோன்போடு நானும் உளி பிடித்தேன். தொண்டையில் தூசு, வாய் கொப்பளித்துத் துப்பினேன், விழுங்கவில்லை. டீக்கடையில் இருந்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். "புதுசா கட்டுனத எதுக்கு பாய் ஒடைக்கிற?" என்று ஒருவர் கேட்டார். "தப்பா கட்டிட்டேன்" என்று சொன்னேன். அதைச் சத்தம் போட்டுச் சொன்ன பிறகு கொஞ்சம் லேசாக இருந்தது. குறைத்து நிறுத்தினால் போதாது, உட்கார இடம் இருந்தால் உட்கார்ந்துவிடுவார்கள் என்று சுவர்வரைக்கும் எடுத்துவிட்டேன். கம்பிகளை ரம்பத்தால் அறுத்து, அந்த அரை மூட்டைச் சிமெண்டில் சுவரைப் பூசி முடிக்கும்போது நோன்பு திறக்கும் மக்ரிப் பாங்கு கேட்டது. டீக்கடைக்காரர் தண்ணீரும் இரண்டு பேரீச்சம்பழமும் கொண்டுவந்து கொடுத்தார்.

தேரன்று காலை கட்டடத்துக்காரர் மனைவியோடு வந்து இறங்கினார். அண்ணாந்து பார்த்தார். நான் கடை வாசலில் நின்றேன். வாய்க்கு வந்தபடி திட்டினார். அதில் பாதியை எழுத முடியாது. "நம்பிக் குடுத்தம் பாரு" என்று சொன்னது மட்டும்தான் எனக்கு உறைத்தது. அந்த அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு மாடிப்படி ஏறிப் போய், அந்தக் கம்பியில்லாத ஜன்னலுக்கு உள்ளே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். அதைப் பார்க்க எனக்கு என்னவோ போல இருந்தது. தேர் எதிர்ப்பக்கம் ஒதுங்கிப் போய்விட்டால் என்ன செய்வது? அந்த அம்மாவின் இடத்தையும் பறித்து, என் லைசென்ஸையும் கெடுத்துக்கொண்ட முட்டாளாக நிற்பேன். தேர் கிட்டே வர வேண்டும் என்று வேண்டுவதா, வரக் கூடாது என்று வேண்டுவதா என்று தெரியாமல் எதிர்வரிசையில் போய் நின்றேன்.

மதியத்துக்குப் பிறகு பெரிய தேர் தெற்கு வீதிக் கோடிக்கு வந்தது. வடம் பிடித்தவர்கள் மேல வீதிப் பக்கம் திரும்பி இழுத்தார்கள். தேர் திரும்பவில்லை, நேராக எங்கள் கட்டடத்தைப் பார்த்து வந்தது. கட்டை போடுபவர் சக்கரத்தடியில் குனிந்து கட்டையைச் செருகினார். தேர் நின்றது, குலுங்கியது, பக்கவாட்டில் நகர்ந்தது. மூங்கில் நுனி ஒன்று மாடிச் சுவரில் பட்டுக் காரையைக் கிழித்துக்கொண்டு போனது. சன்ஷேடு இருந்த இடத்துக்கு நேர் மேலே, நாற்காலி போட்டிருந்தால் ஆள் உட்கார்ந்திருக்கும் உயரத்தில். கூட்டம் கத்திய கத்தலில் அந்தச் சத்தம் யாருக்கும் கேட்டிருக்காது. எனக்குக் கேட்டது.

தேர் அங்கே கொஞ்ச நேரம் நின்றது. ஜன்னலிலிருந்து ஒரு கை நீண்டது. வளையல் போட்ட கை. தொங்கிக்கொண்டிருந்த தேர்ச்சீலையைத் தொட்டது. ஒரு முறை தொட்டு எடுத்துக் கண்ணில் ஒற்றி, மறுபடி நீண்டு இன்னொரு முறை தொட்டது. பிறகு தேர் நகர்ந்து போய்விட்டது.

சாயங்காலம் கட்டடத்துக்காரர் கீழே வந்தார். சுவரில் இருந்த கீறலைக் கையால் தடவிப் பார்த்தார். "காயிதத்த எடு" என்றார்.

கொடுத்தேன். பெஞ்சில் உட்கார்ந்து எழுதிக்கொண்டே சொன்னார். "இல்லாத சன்ஷேடுக்கு நான் காசு குடுக்க மாட்டேன். இருநூத்தி முப்பது கழிக்கிறேன். சரியா?"

தலையாட்டினேன். நியாயம்தான். ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபது. பத்தாயிரத்துக்கு முப்பது ரூபாய் குறைச்சல். அந்தக் காகிதத்தால் எனக்கு இனி ஒரு பிரயோஜனமும் இல்லை. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. துடைத்தால் தெரிந்துவிடும் என்று தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"இன்னா பாய், கையெழுத்துதான் போடறேனே. மூஞ்சி ஏன் இப்படிப் போவுது?"

சொல்லிவிட்டேன். பத்தாயிரம் கணக்கு, லைசென்ஸ், மாமா, அடகில் இருக்கும் நாலு வளையல் எல்லாம். பழைய தொகையை எழுதிக் கொடுங்கள் என்று கேட்க மட்டும் வாய் வரவில்லை. இல்லாததை இருப்பதாக எழுதுகிற ஆள் அவர் இல்லை என்பது தெரியும்.

அவர் பேனாவைக் காதுக்கு மேல் செருகிக்கொண்டு மாடியைப் பார்த்தார். மேலே அந்த அம்மா இன்னும் ஜன்னலில்தான் உட்கார்ந்திருந்தார்.

"நேத்து எத்தினி ஆளு?"

"ரெண்டு பேர். என்னோட சேத்து மூணு."

"பூச்சு?"

"அரை மூட்டை. மிச்சம் இருந்தது."

"இடிச்சதும் பூசுனதும் நீதானே. அது வேலை இல்லியா? அதுக்கு ஏன் காசு கேக்கல?" என்று அதட்டினார். பேனாவை எடுத்து, கழித்த வரிக்குக் கீழே, நிறுத்தி நிறுத்தி, ஒரு வரி எழுதினார். "தேர் செல்ல இடையூறின்றி சன்ஷேடை இடித்து அகற்றிச் சுவர் பூசிய வகையில், ரூபாய் நாற்பத்தைந்து." கூட்டினார். பத்தாயிரத்துப் பதினைந்து.

ஓவர்சியர் கடைசி நாள் காலையில் கையெழுத்துப் போட்டார். "பிளான்ல இருக்கறதக் கொறச்சா தப்பில்ல, கூட்டுனாத்தான் தப்பு" என்று சன்ஷேடைச் சிவப்பு மையால் அடித்துவிட்டார். பஸ்ஸுக்கு நிற்காமல் நடக்க ஆரம்பித்தேன். அன்றைக்கு டிரைவர் நிறுத்தி ஏற்றிக்கொண்டார். கடலூர் ஆபீஸில் கிளார்க் சர்டிபிகேட்டை இரண்டு தரம் படித்தார்.

"கட்டுனதுக்கு எழுதிக் குடுப்பாங்க. இடிச்சதுக்குமா?"

"ஆமா சார். அதையும் நான்தான் செஞ்சேன்."

அவர் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, முத்திரையை எடுத்துக்கொண்டே கேட்டார். "சரி, கான்ட்ராக்டர் எங்க?"

"நான்தான்" என்றேன்.